பாரத்தோடு ஏறும் வண்டி

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கத்தில், எங்கள் விவசாயக் கொல்லைக்குப் போகும் பாதையில், கடைசி மேட்டுக்கு நூறடி முன்னால், நட்டநடுவில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது. மேல்முகம் கறுத்துப் பளபளவென்று இருக்கும். பல வருடங்களாக அதை உரசிப் போன வண்டிகளின் கிரீஸும் ஆயிலும் ஊறிய கறுப்பு அது. குனிந்து பார்த்தால் இரும்பு கீறிய வெள்ளைக் கோடுகள் நீளவாக்கில் தெரியும். அவற்றில் சில என் பிக்கப் போட்டவை. உடைத்துப் போட்டுவிடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது தனிக் கல் இல்லை. மண்ணுக்கடியில் படுத்திருக்கும் பாறையின் முனை. ஒவ்வொரு மழைக்கும் சுற்றியிருக்கும் செம்மண் கொஞ்சம் கரைந்து போகிறது, பாறை கொஞ்சம் வெளியே வருகிறது.

போன வாரம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அதை அளந்தேன். சக்கரத் தடத்திலிருந்து எட்டேகால் அங்குலம், ஏறத்தாழ 210 மில்லிமீட்டர். வரப்போகும் ஒரு வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அளந்தேன்.

மஹிந்திரா நிறுவனம் 2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஒரு பிக்கப்பின் மாதிரியைக் காட்டியது. அவர்களுடைய ஸ்கார்ப்பியோ-என் காரின் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் எழுப்பப்பட்டது. நான்கு கதவு கேபின், பின்னால் திறந்த தொட்டி, பருத்த டயர்கள், இழுத்துக் கட்டக் கொக்கி, ஓடைத் தண்ணீர் இன்ஜினுக்குள் போகாதபடி உயரத்திலிருந்து காற்றிழுக்கும் ஸ்நார்க்கெல் குழாய் என்று கரடுமுரடான பாதைக்கென்றே உடுத்திய தோற்றம். அதன் பிறகு, உருவம் தெரியாமல் மறைப்பு ஒட்டிய சோதனை வண்டிகள் நம் சாலைகளில் ஓடும் படங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பின் அச்சுக்குக் கீழே என்ன தெரிகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வண்டிமேல் எனக்குக் கூடுதல் பாசம் வர ஒரு காரணம் உண்டு. இதன் பொறியியல் வேலை செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திராவின் ஆய்வு மையத்துக்கு உரியது. அதே நிறுவனத்தின் சோதனை ஓட்டத் தளம், 454 ஏக்கரில், செய்யாறு பக்கத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். உலகத்துக்கு விற்க நினைக்கும் ஒரு மலைப்பாதை வண்டி நம் மாநிலத்து மண்ணில் பழகுகிறது என்றால், நம் மலைகளின் தேவையும் அதற்குத் தெரிய வேண்டாமா? சேறு, மணல், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்க்கட்டும். ஓட்டும்போது தொட்டி நிறைய தக்காளி டிரே இருக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நடுத்தர அளவு பிக்கப்புகளில், சாலை இல்லாத இடத்தில் ஓட்டவென்று செய்யும் ஆஃப்ரோடு ரகங்கள் உலகம் முழுக்கப் போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. ஃபோர்டு ரேஞ்சரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் விற்கும் சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ வரை கட்டி இழுக்கும். அதே வண்டியின் ஆஃப்ரோடு ரகமான ராப்டர் 2,500 கிலோதான் இழுக்கும். தொட்டியில் ஏற்றக்கூடிய எடையும் குறைவு. இன்ஜினில் குறையில்லை, ராப்டர்தான் வலுவானது. ஆனால் வேகமாகப் பறந்து குதித்து இறங்க வேண்டும் என்பதற்காகப் பின்னால் இருந்த ஸ்பிரிங் பட்டைகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் செவ்ரலே கொலராடோவிலும் இதே கதை: சாதாரண ரகம் 3,500 கிலோ அளவுக்கு இழுக்கும், இசட்ஆர்2 என்ற ஆஃப்ரோடு ரகம் 2,700 கிலோ அளவில் நின்றுவிடும். டொயோட்டா டக்கோமாவின் டிஆர்டி ப்ரோ ரகத்தில் ஓட்டுநர் இருக்கைக்கே ஷாக் அப்சர்பர் பொருத்தியிருக்கிறார்கள். பாலைவனத்தில் அவ்வளவு வேகமாக ஓட்டுகிறவருக்கு இடுப்பு தப்ப வேண்டுமே!

அந்த வண்டிகளைக் குறை சொல்லவில்லை. ஓட்டுகிறவர்களின் தேவைக்கு ஏற்ப அவை நன்றாகவே செய்யப்பட்டிருக்கின்றன. கியா டாஸ்மானின் எக்ஸ்-ப்ரோ ரகத்துக்குத் தரை இடைவெளி 252 மில்லிமீட்டர், 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. நம் நாட்டில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடக்கும். ஆனால் அதன் தொட்டியில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட எடை அரை டன்னைத் தொடவில்லை. அரை டன் என்பது எனக்கு இருபது டிரே தக்காளி. எங்கள் பக்கத்தில் பாதை இல்லாத இடத்துக்கு வண்டி போவதே சுமையை எடுத்துவரத்தான். காலியாக மேலே ஏறி, பாரத்தோடு கீழே இறங்கும். அல்லது உரமூட்டையோடு ஏறி, காய்களோடு இறங்கும். காலி வண்டி கல்லைத் தாண்டுவதை மட்டும் பார்த்து வண்டி வாங்கினால் நாங்கள் கெட்டோம்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. மாலை முழுக்கத் தக்காளி பறித்து 48 டிரே ஏற்றிவிட்டோம். ஒரு டிரே 25 கிலோ. இராயக்கோட்டை மண்டியில் விடிவதற்குள் இறக்கினால்தான் ஏலத்தில் நல்ல விலை நிற்கும் என்பதால் இரவு ஒரு மணிக்கே வண்டியை எடுத்தேன். பதினொரு மணி வாக்கில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொல்லையிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மேட்டில் ஏற வேண்டும். மேட்டின் பாதியில் வண்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி அசையவில்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. டயரின் பள்ளங்களெல்லாம் களிமண் அடைத்து, வழுவழுவென்று பானை போல இருந்தது. வலது பின்சக்கரம் கெட்டித் தரையில், கப்பிமேல் நின்றது. அதன்மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அது ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

மாமாவை எழுப்பிக் கூட்டி வந்தேன். அந்தக் காலத்தில் மலைக்கிராமங்களுக்கு ஜீப் ஓட்டியவர். பார்த்ததும் சொன்னார்: “மாப்பிள்ளை, மிதிக்காதே. மிதித்தால் குழிதான் ஆழமாகும்.”

சுமையை இறக்கினால் ஏறிவிடும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நாலு பேர் சேர்ந்து 48 டிரேயையும் தலைச்சுமையாக மேட்டுக்கு மேலே கொண்டுபோய் அடுக்கினோம். பிறகு காலி வண்டியை எடுத்தால், முன்னைவிட மோசமாகச் சறுக்கியது. பின் அச்சைத் தரையில் அழுத்திப் பிடிக்க எடையே இல்லை. திரும்பவும் இருபது டிரேயைக் கீழே கொண்டுவந்து, சரியாகப் பின்சக்கரத்துக்கு மேலே வரும்படி அடுக்கி, குழியில் கல்லும் கிளுவைக் கிளையும் போட்டு, மாமாவே உட்கார்ந்து முதல் கியரில் நிதானமாக ஏற்றினார். மண்டிக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. ஏலம் முடிந்து, மீதியை வாங்குகிறவர்கள் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த இரவு நடந்ததற்குக் காரணம் டிஃப்ரன்ஷியல். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் கட்டினால் டயர் தேயும், வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும். அதனால் நடுவில் பல்சக்கரங்களை வைத்து இரண்டுக்கும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்திருக்கிறார்கள். தார் ரோட்டில் இது அருமையான ஏற்பாடு. சேற்றில் இதுவே பகையாகிவிடும். பிடிமானமற்ற சக்கரம் எவ்வளவு இழுவையைத் தாங்குமோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். ஒன்று வழுக்கினால் மற்றதற்கும் ஒன்றும் கிடையாது. முன்பக்கச் சக்கரங்களுக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேற்றில் மாட்டினால் இதே நிலைதான்.

இதற்கு மருந்து லாக்கர். பின் அச்சின் இரண்டு சக்கரங்களையும் தேவைப்படும்போது ஒன்றாகப் பூட்டிவிடுவது. ஸ்கார்ப்பியோ-என் ஃபோர் வீல் ரகத்தில் பின் அச்சுக்கு அப்படி ஒரு மெக்கானிக்கல் பூட்டு உண்டு. ஒரு சக்கரம் வீணாகச் சுற்றத் தொடங்கினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். பிக்கப்பிலும் அது வரும் என்று நம்புகிறேன். ஆனாலும், ஓட்டுகிறவர் முன்கூட்டியே பூட்டிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருந்தால்தான் பாரவண்டிக்கு முழுப் பயன். சக்கரம் சுற்றிய பிறகு பூட்டுவதற்குள், ஒன்றேகால் டன் பாரம் அந்தச் சக்கரத்தைக் களிமண்ணுக்குள் இறக்கிவிடும். மேடு தெரிகிறது, நேற்று மழை பெய்தது தெரியும், அடிவாரத்திலேயே பூட்டிவிட்டு ஏறுவேன். அந்தத் தீர்மானத்தை வண்டி என் கையில் விட வேண்டும்.

அடுத்தது லோ கியர். மாமா ஓட்டிய ஜீப்பில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டி லீவர்கள் இருக்கும். ஒன்று முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்க. மற்றது கியர் எல்லாவற்றையும் இன்னும் கீழே இறக்க; சக்கரம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மெதுவாக, அதே மடங்கு வலுவாகச் சுற்றும். ஆட்கள் அதை ஏறுவதற்கான கியர் என்று நினைக்கிறார்கள். மாமாவோ இறங்குவதற்குத்தான் அதை அதிகம் போட்டதாகச் சொல்வார். பாரத்தோடு மலையிறங்கும்போது பிரேக்கை நம்பினால் நாலு வளைவில் பிரேக் சூடேறிவிடும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் எத்தனை முறை பிரேக் பிடிக்காமல் போயிருக்கின்றன என்பது தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது நான்குவழிச் சாலை. எங்கள் பாதையில் ஓரத்தடுப்பும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. இன்று மலைப்பக்கம் ஓடும் பெரும்பாலான சரக்கு பிக்கப்புகளில் அந்தக் குட்டி லீவர்கள் இல்லை. பின்சக்கர இழுவை மட்டும்தான். மாமாவின் ஜீப்புக்கு இருந்த வசதி எனக்கு இல்லாமல் போனதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி சொல்லப்போவதைத்தான் அந்தப் பொறியாளர்கள் யாராவது படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு இரவு, மேலே இருக்கும் பத்து வீட்டுக் குடியிருப்பிலிருந்து பையன் ஒருவன் ஓடி வந்தான். அவன் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் தார் ரோடு முடியும் இடம் வரைதான் வரமுடியும். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் மண்பாதை. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்தைக் கழுதை சுமக்கும். பிள்ளைத்தாய்ச்சியை எது சுமக்கும்? தொட்டில் கட்டித் தோளில் தூக்கி வருவார்கள். அன்று அதற்கு ஆண்கள் போதவில்லை. நான் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

என் வண்டியில் முன்னால் இரண்டு இருக்கைதான். அந்தப் பெண்ணால் உட்கார முடியவில்லை. தொட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கும் போர்வையும் போட்டுப் படுக்க வைத்தோம். அவளுடைய அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டார். காலி வண்டி. ஒன்றேகால் டன்னுக்கு மேல் தாங்கவென்று அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள், மூன்று பேர் எடைக்குக் கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. ஒரு சிறு கல்லுக்குக்கூடத் தொட்டி தூக்கிப் போட்டது. முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், நாலு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் கடந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து வந்த முனகல் இன்றும் காதில் இருக்கிறது. “அண்ணா, கொஞ்சம் மெதுவாக,” என்று அந்தப் பையன் பின்கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தான். அதற்குமேல் மெதுவாகப் போக வண்டியில் கியர் இல்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது ஓடி விளையாடுகிறான்.

ஒரே ஸ்பிரிங்தான் 48 டிரே தக்காளியையும் சுமக்க வேண்டும், வலியெடுத்த பெண்ணையும் நோகாமல் கொண்டுவர வேண்டும். மலைப்பாதை பிக்கப் என்றால் எனக்கு அதுதான் சோதனை. இது முடியாத காரியமும் அல்ல. குறைந்த சுமைக்கு மேலே உள்ள மெல்லிய பட்டைகள் மட்டும் வேலை செய்து, சுமை ஏற ஏறக் கீழே உள்ள தடித்த பட்டை வந்து தாங்கும் இரண்டு கட்ட ஸ்பிரிங் ஏற்பாடு பாரவண்டிகளில் நெடுங்காலமாக உண்டு. அதை மலைக்கு ஏற்றபடி மென்மையாகப் பக்குவப்படுத்த வேண்டும். ஸ்கார்ப்பியோ-என் வண்டிக்குப் பின்னால் இருப்பது சுருள் ஸ்பிரிங். ஏழு பேர் உட்காரும் காருக்கு அது சுகம். பிக்கப்புக்கும் அதையே வைத்தால் சுமை போய்விடும், வெறும் கட்டைப் பட்டையை வைத்தால் ஆள் நோகும். இந்த ஒரு இடத்தில் அவர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதற்காகத்தான் காத்திருக்கிறேன். நான்கு கதவு கேபினை நகரத்துக்காரர்கள் குடும்பத்தோடு ஊர்சுற்றுவதற்காக விரும்புவார்கள். எனக்கு அந்தப் பின்னிருக்கை ஒரு நோயாளி படுக்கும் நீளம்.

கல்லுக்கு வருகிறேன். என் வண்டியின் பின் அச்சு நடுவில் குடம் போல ஒரு ஹவுசிங் தொங்கும். டிஃப்ரன்ஷியல் அதற்குள்தான் இருக்கிறது. காலி வண்டியில் அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் ஏழரை அங்குலம். நாற்பது டிரே ஏற்றிவிட்டுத் திரும்ப அளந்தேன். நன்றாக இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பவைதான் சுமைக்கு இறங்கும். அச்சு சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறது. டயர் கொஞ்சம் நசுங்கும், அவ்வளவுதான். இறங்கியது சேசிஸ், சைலன்சர் குழாய், பின் பம்பர். அவை மூன்று அங்குலம் கீழே வந்திருந்தன. நடுவயிறு மேட்டில் தட்டுவது அதனால்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்தது. விளம்பரத்தில் தரை இடைவெளி இத்தனை மில்லிமீட்டர் என்று போட்டால், அது எந்தப் பாகத்துக்குக் கீழே அளந்தது, காலி வண்டியிலா, சுமையேற்றிய வண்டியிலா என்று கேட்க வேண்டும். ஹவுசிங் கல்லைத் தாண்ட வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை உயர்த்திப் பயனில்லை, டயர்தான் பெரிதாக வேண்டும். அதற்குத் தகுந்தபடி சக்கரப் பள்ளத்தில் இடம் விட்டு ஆலையிலேயே செய்து தர வேண்டும். பிறகு பட்டறையில் வெட்டி ஒட்டினால் கியர் கணக்கும் பிரேக்கும் கெட்டுப்போகும். அதுவரை மாமா சொன்ன வழிதான்: “கல்லை நடுவில் விடாதே. சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிடு. சக்கரம் ஏறினால் அச்சும் ஏறிவிடும்.” பாதை அகலமாக இருந்தால் சரி. எங்கள் கல்லுக்கு ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் வேலி.

டயர்க் காற்றைக் குறைத்தால் சேற்றில் பிடிமானம் கூடும் என்று ஆஃப்ரோடு பழகியவர்கள் சொல்வது உண்மைதான். பாரவண்டியில் அதைச் செய்யாதீர்கள். சுமையோடு காற்றிறங்கிய டயரைக் கல்லில் ஏற்றினால் பக்கச்சுவர் கிழிந்துவிடும்.

வண்டி வந்தால் அதை எங்கே ஓட்டுவது என்பதிலும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. இந்த மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. காவிரி வடக்கு அதற்கு முன்பே 2014இல். யானைகள் கர்நாடகத்துக்கும் இங்கும் போய்வரும் வழி இது. வார இறுதிகளில் பெரிய டயர் வண்டிகளில் வந்து, ஓடைக்குள் இறக்கி, தண்ணீரைச் சிதறடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த ஓடையில்தான் இரவில் யானைக்கூட்டம் தண்ணீர் குடிக்கிறது, காலையில் எங்கள் மாடு குடிக்கிறது. பாதை இருக்கும் இடத்தில், பாதை மோசமாக இருப்பதால் வலுவான வண்டி வேண்டும் என்பது ஒன்று. வலுவான வண்டி இருப்பதால் பாதையை விட்டு இறங்குவது முற்றிலும் வேறு. இரண்டாவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

விலை எப்படியிருக்குமோ என்ற பயமும் உண்டு. ஹைலக்ஸ் 2022 மார்ச்சில் இங்கே வந்தபோது ஆரம்ப விலையே 33.99 லட்சம். எங்கள் பக்கம் ஓடும் சரக்கு பிக்கப் பத்து லட்சத்தை ஒட்டிக் கிடைக்கிறது. நடுவில் இருக்கும் இந்தப் பெரிய இடைவெளியில்தான் மலை விவசாயிக்கான வண்டி நிற்க வேண்டும். சன்ரூஃப் வேண்டாம், பெரிய திரை வேண்டாம், தோல் இருக்கை வேண்டாம். அந்தப் பணத்தில் லாக்கரும் லோ கியரும் வரட்டும். சேறு பட்டால் கழுவிவிடும்படி ரப்பர் தரை போதும். தேன்கனிக்கோட்டையில் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். ஒரு சென்சாருக்காக வண்டியை லாரியில் ஏற்றி வெகுதூரம் அனுப்ப எங்களால் முடியாது, அதுவும் மாம்பழப் பருவத்தில் முடியவே முடியாது. பெங்களூரா மாங்காய் மரத்தில் நமக்காகக் காத்திருப்பதில்லை.

வண்டி ஓசூர் ஷோரூமுக்கு வந்த அன்றே போவேன். ஓட்டிப் பார்க்கத் தருவதாகச் சொன்னால், நெடுஞ்சாலையில் ஒரு சுற்று வேண்டாம், அஞ்செட்டிக்கு வாருங்கள் என்று கேட்பேன். நாற்பது டிரே ஏற்றித் தருகிறேன். மேட்டின் அடியிலிருந்து அந்தக் கல்லைத் தாண்டி மேலே போய், திரும்பி அதே பாரத்தோடு கீழே வரட்டும். பிறகு டிரேக்களை இறக்கிவிட்டு, மாமாவைப் பின்னிருக்கையில் படுக்க வைத்து இன்னொரு முறை. அவரிடம் இதைச் சொன்னேன். “லோ கியர் லீவர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்,” என்றார். இப்போதெல்லாம் லீவர் இல்லை மாமா, திருகு பொத்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கை சேறாக இருந்தால் அது வழுக்காதா என்று கேட்டார். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.